சொந்தப் பெயருக்குத் தடை

என் கணவர் கோட்ஹார்ட் ஊலிக்குக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், கதவை அறையமாட்டார். சட்டத்துக்குக் கீழ்ப்படிவார். அதுவும் சாதாரணமாக இல்லை, எதிராளிக்கு வயிறு எரிகிற மாதிரி, ஒரு புள்ளி விடாமல் கீழ்ப்படிவார். இருபத்திரண்டு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன், அதற்குப் பதில் இரண்டு தட்டை உடைத்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கெம்னிட்ஸ் நகரத்தில் எங்கள் தெருமுனையில் நிற்கிற ஊலிக் மோட்டார் தொழிற்சாலையை ஆரம்பித்தவர் இவர்தான். பணம் போட்டவர்கள் நாலு கனவான்கள். எட்டு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பந்தயத்தில் வரிசையாக இரண்டு தடவை தோற்றதும், மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேரும் உட்கார்ந்து, இந்தப் பக்கம் இவரை உட்காரவைத்து, மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டார்கள். இவர் சும்மா இருப்பாரா? அடுத்த மாதமே எதிர்ச்சாரியில் ஒரு பழைய சாயப்பட்டறையை வாடகைக்குப் பிடித்தார். பழைய தொழிற்சாலையிலிருந்து ஏழு பேர் இவரோடு வந்துவிட்டார்கள். புது வண்டி கட்ட ஆரம்பித்தார்கள். அதற்கும் ஊலிக் என்றே பெயர் வைத்தார். பின்னே, அவர் பெயர் அதுதானே?

கனவான்கள் வழக்குப் போட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷம் மே மாதத் தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. மோட்டார் வண்டி என்று வந்துவிட்டால் ஊலிக் என்ற பெயர் அந்தக் கம்பெனிக்குச் சொந்தம். வண்டியிலோ, வண்டித் தொழில் நடக்கிற இடத்திலோ, அது சம்பந்தப்பட்ட எந்தப் பொருளிலோ இவர் அந்தப் பெயரைப் போடக் கூடாது.

தீர்ப்பைப் படித்துவிட்டு, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, திருப்புளியைக் கையில் எடுத்தார். பட்டறை வாசலில் இருந்த பலகையைக் கழற்றினார். சரி. புது வண்டியின் ரேடியேட்டர் மேலிருந்த பித்தளை எழுத்துகளைக் கழற்றினார். அதுவும் சரி. அப்புறம் மாடிப்படி ஏறி வந்தார். எங்கள் வீடு பட்டறைக்கு நேர் மேலே.

"அது நம்ம வீட்டுக் கதவுங்க," என்றேன்.

"கட்டடம் ஒண்ணுதானே? தீர்ப்புல 'இடம்'னு போட்டிருக்கு. மாடி வேற, கீழ வேறன்னு போடலை."

அழைப்புமணிக்குப் பக்கத்தில் இருந்த பெயர்த்தகடு போயிற்று. தபால்பெட்டியில் இருந்தது போயிற்று. காலைச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் செதுக்கியிருந்ததை அரத்தால் தேய்த்தார். குடைப்பிடிக்குக் கை நீண்டபோது நான் குடையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"உங்க உள்சட்டைக் கழுத்துல நான் சிவப்பு நூல்ல தைச்சிருக்கேனே, அதையும் பிரிச்சிடவா?"

"அதைப் பத்திதான் யோசிச்சிக்கிட்டிருக்கேன்," என்றார். சிரிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் வீடு அமைதியாக இருந்தது. யாரிடமிருந்தும் ஒரு கடிதம் இல்லை, ஒரு நோட்டீஸ் இல்லை. உள்ளதைச் சொன்னால் எனக்கு அது சுகமாகத்தான் இருந்தது. உலகம் நம்மை மறந்துவிட்டது, மறந்தால் மறக்கட்டும் என்று ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டேன்.

மே மாதக் கடைசி வியாழக்கிழமை காலையில் ரொட்டிக்கடைக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னால் தபால்காரர் பெஸ்லர் நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். எங்கள் தெருவுக்குப் பதினோரு வருஷமாக அவர்தான்.

"என்ன பெஸ்லர், நம்ம வீட்டுப் பக்கம் ஆளையே காணோம். உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்னம்மா. தினம் உங்க வாசலைத் தாண்டித்தானே போறேன்."

"எங்களுக்குத் தபாலே வரலையா?"

"வந்துதே. நாலு வந்துது. திருப்பி அனுப்பிட்டேன்."

கையில் இருந்த பையை இறக்கி வைத்தேன்.

"கவர்ல ஊலிக்னு இருக்கு. பெட்டியில ஊலிக்னு இல்லை," என்று அவர் பொறுமையாக விளக்கினார். "பேரு இல்லாத பெட்டியில போடக்கூடாது. 'விலாசதாரர் இங்கே இல்லை'ன்னு எழுதித் திருப்பி அனுப்பணும். அதுதான் விதி."

"பதினோரு வருஷமா எங்க அடுப்படியில உக்காந்து காபி குடிக்கிறீங்க. நாங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு நல்லாத் தெரியும்மா. தபால் இலாகாவுக்குத் தெரியாதே." தொப்பியை மாட்டிக்கொண்டு, "காபியைப் பத்திச் சொன்னீங்க. குறையாச் சொல்லலை, ஆனா கோப்பைக்கு அடியில வரைஞ்சிருக்கிற பூவுல எத்தனை இதழ்னு எனக்கு மனப்பாடம்," என்றார்.

கடையே சிரித்தது. எங்கள் ஊரில் காபியைத் தண்ணியாகப் போடுவது வழக்கம்தான், எல்லா வீட்டிலும் அடியில் உள்ள பூ தெரியும். ஆனால் அதை ரொட்டிக்கடையில் வைத்தா சொல்வது?

"அந்த நாலுல ஒண்ணு மோட்டார் சங்கத்துலேர்ந்து வந்துது. தடிமனா இருந்துது," என்று கடைசியில் சொன்னார் பெஸ்லர். நான் ரொட்டியை மறந்துவிட்டு ஓடினேன்.

மோட்டார் சங்கம் என்றால் எங்கள் உயிர் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் மலைச்சாலையில் வண்டிகள் ஏறுகிற பந்தயத்துக்கு இவர் பெயர் கொடுத்திருந்தார். கம்பெனியிலிருந்து துரத்தப்பட்ட ஒருவர் சாயப்பட்டறையில் கட்டிய வண்டியைப் பந்தயத்தில் பார்க்காமல் யார் வாங்குவார்கள்? பழைய தொழிற்சாலைக்காரர்கள் வேறு ஏழு பேருக்கும் ஆள் அனுப்பியிருந்தார்கள், ஜூன் முதல் தேதிக்குள் திரும்பி வந்தால் பழைய இடம் அப்படியே கிடைக்கும் என்று. பந்தயம் இல்லை என்றால் அவர்களைப் பிடித்து வைக்க இவருக்கு வாய் ஏது?

அந்தப் பந்தயத்தில் எங்கள் வண்டி மூன்றாவதாக வந்தது. அதை இப்போதே சொல்லிவிட்டால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

நான் மூச்சு வாங்கப் பட்டறைக்குள் போனபோது ஒன்பது மணிச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியும் ஈரல் தொத்திறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். என் கணவர் முழுதும் கேட்டார்.

"பெஸ்லர் செஞ்சது சரிதான்," என்றார்.

மேஸ்திரி எமில் ஷார்ஷ்மிட் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொத்திறைச்சியை அப்படியே வைத்துவிட்டு, தெரு மூலையில் இருந்த மதுக்கடைக்குப் போய்ச் சங்கத்துக்கு டெலிபோன் செய்தார். திரும்பி வந்தவர் முகம் வெளுத்திருந்தது.

"பட்டியல்லேர்ந்து நம்ம பேரை அடிச்சுட இருந்தாங்க முதலாளி. அப்படி ஒரு ஆளே இல்லைன்னு கடிதம் திரும்பிடுச்சாம். வண்டி என்ன பேரு, எந்தப் பேருல பதிவு ஆகியிருக்கு, சனிக்கிழமை மத்தியானம் பன்னண்டு மணிக்குள்ள தெரிஞ்சாகணும். இல்லைன்னா கிடையாதுங்கிறாங்க."

இப்போது வியாழன் ஒன்பதரை, கெடு சனி பன்னிரண்டு. உடனே பெஞ்சில் பெயர்கள் பறந்தன. ஒருத்தன் வெள்ளி என்றான், ஒருத்தன் கழுகு என்றான். லேத்தில் நிற்கிறவன் தன் மனைவி பெயரைச் சொன்னான். "அந்த அம்மா மாதிரியே வண்டியும் காலைல கிளம்பாது," என்று பக்கத்தில் இருந்தவன் சொல்ல, ரொட்டி ஒன்று பறந்தது. அந்த மாதம் ஊரெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, வால்நட்சத்திரம் வந்திருந்தது. கடைசியில் அந்தப் பெயருக்கே எல்லாரும் கை தூக்கினார்கள். என் கணவர் மட்டும் கை தூக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வியாபாரப் பதிவேட்டுக் குமாஸ்தா டவுட்டன்ஹான் முன்னால் நானும் அவரும் நின்றோம்.

"வால்நட்சத்திரமா? ஆகாதுங்க," என்றார் குமாஸ்தா. "பெரிய கம்பெனின்னா அதுக்குத் தனிச் சட்டம், என்ன பேரு வேணா வெக்கலாம். நீங்க தனி ஆளு. தனி ஆளு தன் சொந்தப் பேருல தொழில் பண்ணணும். முதல் பேரு ஒண்ணு, குடும்பப் பேரு ஒண்ணு, ரெண்டும் வேணும்."

"அந்தப் பேரை வெக்கக் கூடாதுன்னு இதே கட்டடத்துல, மாடியில, உத்தரவு போட்டிருக்காங்களே."

"அது மாடிங்க. இது கீழ்த்தளம்."

"அப்ப என் பேரை வெச்சாலும் குத்தம், வெக்கலைன்னாலும் குத்தம்."

"ஆமாங்க," என்று டவுட்டன்ஹான் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டார். நல்ல மனுஷர், எங்களுக்காகச் சட்டப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டியும் பார்த்தார். "ஒரு வழி இருக்கு. பங்காளி சேத்துக்குங்க. கூட்டுத் தொழில்னா பங்காளிங்கள்ல யாராவது ஒருத்தர் குடும்பப் பேரு இருந்தாப் போதும்."

பங்காளிக்கு எங்கே போவது? எமிலும் மற்ற ஆறு பேரும் பழைய தொழிற்சாலையில் சேர்ந்தபோதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள், விலகிய பிறகு மூன்று வருஷத்துக்கு எந்த வண்டித் தொழிலிலும் பங்கு சேர்வதில்லை என்று. என் கணவருக்கு அண்ணன் தம்பி கிடையாது. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. டிராமில் திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

"போதும் ஒட்டிலி. பசங்க திரும்பிப் போகட்டும். நான் தையல் மெஷின் ரிப்பேர் பண்றேன்."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பயமாக இருந்தது. அப்போது டிராம் சந்தை வீதியில் திரும்பியது. அங்கே என் அக்கா ஆல்வீனேயின் தொப்பிக்கடை இருக்கிறது. ஐம்பது வயசு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீதியே அவளைக் குமாரி மோர்க்னர் என்று கூப்பிடும், கூப்பிட்டுவிட்டு, ஐயோ பாவம் பேர்கூட மாறவில்லையே என்று பரிதாபப்படும். பாவம் என்ன பாவம், ஊரிலேயே நல்ல தொப்பி அவள் கடையில்தான்.

"அக்கா இருக்காளே," என்றேன். "அவ பங்காளியாச் சேரலாமே. அவ பேரை வெக்கலாம்."

"தொப்பிக்கடைப் பேரையா?" என்றார். அதோடு சரி. மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் தயிர்க்கட்டியும் உருளைக்கிழங்கும் பிசைந்து அடை சுட்டேன். அவருக்கு உயிர். ஒன்றைத் தொட்டுவிட்டு முள்கரண்டியை வைத்தார்.

"எம் பேரு இல்லாத வண்டியை நான் எதுக்குக் கட்டணும்? சொல்லு. ஒரு மனுஷன்கிட்டேர்ந்து பேரைப் புடுங்கிட்டா அப்புறம் அவன்ல என்ன மிச்சம் இருக்கு?"

நான் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தேன். எனக்குள் அப்படி ஒரு பேச்சு இருப்பது எனக்கே அந்த நிமிஷம் வரை தெரியாது.

"நான் மிச்சம் இருக்கேனே," என்றேன்.

"என்னது?"

"ஒட்டிலி மோர்க்னர்னு ஒருத்தி இருந்தா. ஒரு செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்குக் கல்யாணப் பதிவு ஆபீஸுக்குள்ள போனா. பத்தே காலுக்கு வெளியில வந்தது ஊலிக்கம்மா. மத்தியானம் வாத்துக்கறி சாப்பிட்டோம். யாரும் வழக்குப் போடலை. யாரும் திருப்புளியைத் தூக்கிக்கிட்டு வீட்டைச் சுத்தி வரலை."

"அது வேற ஆச்சே?"

"எப்படி வேற?"

அவர் இன்ஜினியர். எப்படி என்று கேட்டால் காரணம் தேடித்தான் ஆகவேண்டும், தேடாமல் இருக்கத் தெரியாது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தேடினார். நான் இன்னும் இரண்டு அடை சுட்டு எடுத்தேன்.

"உனக்கு வருத்தமா இருந்துதா?"

"அன்னிக்கு இல்லை. உங்க பேரைப் போட்டுக்கிறதுல எனக்குக் கொள்ளைப் பெருமை. அப்பா போயி கல்லறையில கல்லு நட்டோமே, அன்னிக்குத்தான். கல்லுல மோர்க்னர், பக்கத்துல நிக்கிற அக்கா மோர்க்னர். நான் மட்டும் துக்கம் கேக்க வந்தவ மாதிரி நின்னேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, அடுப்புப் புகை மேல் பழியைப் போட்டுக்கொண்டேன். அவர் தட்டை இழுத்து ஒன்பது அடையும் சாப்பிட்டார். வாயைத் துடைத்தார். கோட்டைப் போட்டு, நல்ல தொப்பியை எடுத்துக்கொண்டு, "நீயும் வா," என்றார்.

அக்கா கடையில் ஒரு தொப்பியைக் கட்டைத்தலையில் கவிழ்த்து, இறகு ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையக் குண்டூசி.

"வாங்க மாப்பிள்ளை. இவளுக்குத் தொப்பியா?"

"தொப்பி இல்லை அண்ணி. பேரு வேணும்."

அவர் எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னார். அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்திக்கொண்டே கேட்டாள்.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்து ஒரு மோர்க்னரைக் கூட்டிட்டுப் போனீங்க. இப்ப மிச்சம் இருக்கிற ஒண்ணுக்கும் வந்துட்டீங்களா?"

"ஆமாம் அண்ணி."

அவர் அவ்வளவு நேராக ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இறகை எடுத்துக் கீழே வைத்தாள்.

"எங்கயோ மூலையில பொடி எழுத்துல ஒளிச்சு வெக்கிற வேலை ஆகாது. உங்க பேரு எவ்வளவு பெரிசா இருந்துதோ அவ்வளவு பெரிசு இருக்கணும்."

"இருக்கும்."

"இன்னொண்ணு. வண்டி நடுவழியில நின்னா, ஊலிக் நின்னுதுன்னு சொல்லமாட்டாங்க. மோர்க்னர் நின்னுடுச்சும்பாங்க. என் தொப்பி இன்னிக்கு வரைக்கும் எங்கயும் நின்னதில்லை."

"என் வண்டியும் நிக்காது அண்ணி."

"நம்ம வண்டி," என்று திருத்தினாள் அக்கா. உள்ளே போய் அவளுடைய அடையாளப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு வந்து, அவை கசங்காமல் இருக்கத் தொப்பிப் பெட்டி ஒன்றில் வைத்தாள். எங்களுக்குக் காபி கொடுத்தாள். அதிலும் பூ தெரிந்தது.

சனிக்கிழமை காலை டவுட்டன்ஹான் கண்ணாடியை ஏற்றி இறக்கி அவளைப் பார்த்தார்.

"பெண்பிள்ளை பேருல மோட்டார் வண்டியா?"

"வியாபாரி பேருல," என்றாள் அக்கா. "பதினெட்டு வருஷமா உங்க பதிவேட்டுல இருக்கேன். மோர்க்னர்னு தேடிப் பாருங்க."

இருந்தாள். 'மோர்க்னர் கூட்டு நிறுவனம், மோட்டார் வண்டிகள்' என்று அவர் எழுதி, மை காய மணலைத் தூவி, ஊதினார். பதினோரு மணிக்கு எமில் சங்கத்துக்குத் தந்தி அடித்தார். அன்று சாயங்காலமே என் கணவர் வீட்டுக் கதவில் பெயர்த்தகட்டைத் திரும்ப மாட்டினார். வீடு வேறு, பட்டறை வேறு என்று இப்போது அவருக்குத் தோன்றுகிறதாம்.

ஒரு வாரத்துக்குள் வார்ப்புப் பட்டறையிலிருந்து புது எழுத்துகள் வந்தன. அவற்றை ராவி மெருகேற்றும் வேலையை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. இரண்டு நாள் மத்தியானம் பட்டறைச் சாளரம் வழியாகப் பார்த்தேன். முகத்தில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரு எழுத்தின் வளைவில் மட்டும் ரொம்ப நேரம் நின்றார். அவ்வளவு கவனமாக என் பெயரை யாரும் தொட்டதில்லை என்று நினைத்துக்கொண்டேன். நாற்பத்தைந்து வயசில் இப்படி எல்லாம் நினைப்பு வருகிறது, என்ன செய்ய.

பந்தயத்தன்று மலையடிவாரப் புல்வெளியில் பலகைகளை அடுக்கி உட்கார இடம் செய்திருந்தார்கள். நானும் அக்காவும் இரண்டாவது வரிசை. அக்கா அவள் கடையிலேயே பெரிய தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், விளம்பரம் என்றாள். பந்தயத்துக்கு நிற்கிற வண்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. எங்கள் வண்டியில் இவர் ஓட்டும் இடத்தில், எமில் பக்கத்தில். ரேடியேட்டர் வெயிலில் பளபளத்தது. தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு ஒருவர் ஒவ்வொரு வண்டியாகக் கூப்பிட, கொடி அசைய, வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஏறியது.

எட்டாவதாகக் கூப்பிட்டார்.

"மோர்க்னர்."

அக்கா அசையவில்லை. அவளைத்தான் தினமும் அப்படிக் கூப்பிடுகிறார்களே. நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டால் எழுவோமே, அப்படிக் கால் தானாக எழுந்தது. கீழே வண்டியில் என் கணவர் ஒரு கணம் திரும்பி, கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, தொப்பியைத் தூக்கினார்.

பின்வரிசை அம்மாள் என் முதுகைத் தட்டினாள். "கொஞ்சம் உக்காருங்கம்மா, மறைக்குது. வண்டியைத்தானே கூப்பிடறாங்க."

"என்னையுந்தான்," என்றேன்.

வண்டி முதல் வளைவில் ஏறி மரங்களுக்குள் மறைகிற வரைக்கும் நான் உட்காரவில்லை.